நான்கு மாஸ்ஃபெட், ஒரே ஒரு ஆப்-ஆம்ப்: இந்த எலக்ட்ரானிக் லோடு 10 ஆம்பியர் தாங்குமா?

#1 சோதனைப்பலகை

வணக்கம். பேட்டரிகளின் கொள்ளளவைச் சோதிக்க ஒரு எலக்ட்ரானிக் லோடு (வேண்டிய கரன்ட்டை இழுத்து வெப்பமாக எரிக்கும் கருவி) செய்துகொண்டிருக்கிறேன். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து சீராக 10 ஆம்பியர் இழுக்க வேண்டும். பின்னால் 24 வோல்ட்டில் 5 ஆம்பியரும் இழுக்க வேண்டும். இரண்டுமே 120 வாட்தான், அதனால் ஒரே ஹீட்சிங்க், ஒரே ஃபேன் போதும் என்று நினைக்கிறேன்.

சர்க்யூட்டை வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் நான்கு. ஒவ்வொன்றிலும் கரன்ட் நுழையும் கால் டிரெயின், வெளியேறும் கால் சோர்ஸ், அதைக் கட்டுப்படுத்தும் கால் கேட். டிரெயின்கள் நான்கும் ஒன்றாகப் பேட்டரி பிளஸ்ஸில். கேட்கள் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து நேராக எல்எம்358 ஆப்-ஆம்பின் (இரண்டு இன்புட்டையும் ஒப்பிட்டு, அவை சமமாகும்வரை அவுட்புட்டை நகர்த்தும் சிப்) அவுட்புட்டில் கொடுத்திருக்கிறேன். சோர்ஸ்கள் நான்கும் சேர்ந்து 0.1 ஓம், 10 வாட் ஷன்ட் (கரன்ட்டை அளக்கும் ரெசிஸ்டர்) வழியாகக் கிரவுண்டுக்குப் போகின்றன. ஷன்ட்டின் மேல்முனை ஆப்-ஆம்பின் மைனஸ் இன்புட்டுக்கு, பாட் எனும் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து வரும் 0 முதல் 1 வோல்ட் வரை பிளஸ் இன்புட்டுக்கு. ஆப்-ஆம்புக்கு சப்ளை 5 வோல்ட், போன் சார்ஜரிலிருந்து.

எல்டிஸ்பைஸ் சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபெட்டிலும் 2.5 ஆம்பியர், கோடு போட்டது போல. போர்டு வெட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று இங்கே போடுகிறேன்.

#2 அலைக்கோடு

போர்டு வெட்டாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் அந்த 5 வோல்ட். எல்எம்358 ரெயில்-டு-ரெயில் கிடையாது. அவுட்புட் சப்ளைக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 கொடுத்தால் 3.5 தான் வரும். இசட்44-இன் த்ரெஷோல்ட் (ஃபெட் திறக்க ஆரம்பிக்கும் கேட் வோல்ட்டேஜ்) டேட்டாஷீட்டில் 2 முதல் 4 வோல்ட் வரை. அதற்கு மேல் 2.5 ஆம்பியர் ஓட இன்னும் முக்கால் வோல்ட்டாவது வேண்டும். ஷன்ட்டில் 10 ஆம்பியருக்கு 1 வோல்ட் விழுவதால் சோர்ஸே 1 வோல்ட் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 6 வோல்ட் கேட்கும். உங்களிடம் இருப்பது மூன்றரை. சிமுலேஷனில் ஓடியது என்றால் ஐடியல் ஆப்-ஆம்ப் மாடல் போட்டிருப்பீர்கள்.

அப்புறம் ஷன்ட். 10 ஆம்பியர், 0.1 ஓம் என்றால் சரியாக 10 வாட். 10 வாட் என்று போட்ட ரெசிஸ்டரில் 10 வாட் எரித்தால் சாலிடரே இளகும் அளவுக்குச் சூடாகும், மதிப்பும் நகரும். மதிப்பு நகர்ந்தால் உங்கள் "சீரான" கரன்ட்டும் கூடவே நகரும்.

#3 இன்வெர்ட்டர்காரன்

அலைக்கோடு சொன்ன இரண்டும் சரி. ஆப்-ஆம்புக்கு 12 வோல்ட் கொடுங்கள், ஷன்ட்டை மாற்றுங்கள், மற்றபடி டிசைனில் கோளாறு எதுவும் இல்லை. மாஸ்ஃபெட்டைப் பேரலலில் போடுவது சாதாரண (பைபோலார்) டிரான்சிஸ்டரைப் போடுவது போல் தொல்லை பிடித்தது அல்ல. சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், கரன்ட் குறையும், மிச்சம் பக்கத்து ஃபெட்டுக்குப் போய்விடும். தானாகவே பங்கு போட்டுக்கொள்ளும். தைரியமாகச் செய்யுங்கள் தம்பி.

#4 செம்புத்தடம்

தைரியமாகச் செய்தால் தைரியமாகவே புகையும். இந்த இடத்தில் அவை பங்கு போட்டுக்கொள்ளாது. நேர் எதிராக, சூடான ஃபெட் இன்னும் அதிகமாக இழுக்கும்.

#5 இன்வெர்ட்டர்காரன்

> சூடான ஃபெட் இன்னும் அதிகமாக இழுக்கும்

இது டிரான்சிஸ்டர் பாடம் சார். ஃபெட்டுக்குப் பொருந்தாது. நான் இன்வெர்ட்டர் போர்டுகளில் ஒரு பக்கத்துக்கு ஆறு ஃபெட் பேரலலில் போடுகிறேன், மேட்ச் பண்ணுவதுகூட இல்லை. வருஷக்கணக்கில் ஓடுகின்றன. டேட்டாஷீட்டில் ஆர்டிஎஸ்-ஆன் (முழுதாகத் திறந்த ஃபெட்டின் ரெசிஸ்டன்ஸ்) வளைவைப் பாருங்கள், வெப்பத்தோடு மேலேதான் ஏறுகிறது. 25 டிகிரியில் இருப்பதைவிட 175 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் கூடுதல்.

#6 செம்புத்தடம்

உங்கள் இன்வெர்ட்டரில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அங்கே கேட்டில் 10, 12 வோல்ட் அடிக்கிறீர்கள். ஃபெட் முழுதாகத் திறந்து 17.5 மில்லிஓம் ரெசிஸ்டராகிவிடுகிறது. அந்த ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு கூடும், பங்கீடு தானாக நடக்கும். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் தம்பியின் சர்க்யூட்டில் ஃபெட் முழுதாகத் திறப்பதே இல்லை. டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 11 வோல்ட் நிற்க, பாதி திறந்த நிலையில் காலம் தள்ள வேண்டும். ஆர்டிஎஸ்-ஆனுக்கு அங்கே வேலையே இல்லை. கரன்ட்டை முடிவு செய்வது கேட் வோல்ட்டேஜும் த்ரெஷோல்டும். த்ரெஷோல்ட் வெப்பம் ஏற ஏற இறங்கும், டிகிரிக்குச் சில மில்லிவோல்ட். கேட் வோல்ட்டேஜ் நான்குக்கும் ஒன்றே என்றால், சூடானதற்குத் த்ரெஷோல்ட் இறங்கி, கரன்ட் ஏறி, இன்னும் சூடாகி, இன்னும் இறங்கும்.

அதே டேட்டாஷீட்டில் டிரான்ஸ்ஃபர் வளைவை (எந்தக் கேட் வோல்ட்டேஜுக்கு எவ்வளவு கரன்ட் என்பதை) பாருங்கள். 25 டிகிரிக்கு ஒரு கோடு, 175 டிகிரிக்கு ஒரு கோடு. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிக்கு மேலே சூடான கோடு கீழே இருக்கும், அது உங்கள் உலகம். புள்ளிக்குக் கீழே சூடான கோடு மேலே இருக்கும். 2.5 ஆம்பியர் அந்தப் புள்ளிக்கு வெகு கீழே.

ஆப்-ஆம்பும் காப்பாற்றாது. அது பார்ப்பது மொத்தக் கரன்ட்டை மட்டும். ஒரு ஃபெட் அதிகமாக இழுத்தால் அது கேட்டை இறக்கி மொத்தத்தைச் சரி செய்யும், மற்ற மூன்றும் இன்னும் சோம்பேறியாகும். இளிச்சவாயன் தலையில் எல்லா வேலையும் விழுகிற கதைதான்.

#7 சோதனைப்பலகை

செம்புத்தடம் அண்ணா, அப்படியென்றால் சிமுலேஷனில் ஏன் நான்கிலும் அச்சாக 2.5 வந்தது? மாடல் தயாரிப்பாளருடைய தளத்திலிருந்து எடுத்ததுதான்.

#8 அலைக்கோடு

ஒரே மாடலை நான்கு தடவை வைத்தால் நான்கும் ஒட்டிப் பிறந்தவையாகத்தான் இருக்கும். த்ரெஷோல்ட் வித்தியாசம் துளியும் இல்லை. அதோடு எல்டிஸ்பைஸ் எல்லாவற்றையும் 27 டிகிரியில் வைத்து ஓட்டும். 30 வாட் எரித்தாலும் அதன் ஃபெட் 27 டிகிரியிலேயே குளுகுளுவென்று இருக்கும். சாதாரண மாடலில் தன் சூட்டைத் தானே உணரும் வசதி கிடையாது.

ஒன்று செய்யுங்கள். ஒரு ஃபெட்டுக்கு மட்டும் 0.1 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கேட்டில் தொடராகச் செருகி மறுபடி ஓட்டுங்கள். அச்சு கலைந்துவிடும்.

#9 சோதனைப்பலகை

செருகினேன். அந்த ஒன்றில் 3 ஆம்பியரைத் தாண்டிவிட்டது, மற்றவை இறங்கிவிட்டன. இத்தனைக்கும் வெப்பம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

#10 செம்புத்தடம்

வெப்பத்தையும் சேர்ப்போம். பெரிய கணக்கு ஒன்றுமில்லை.

டேட்டாஷீட்டில் ஃபார்வர்டு டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (கேட்டில் 1 வோல்ட் கூடினால் எத்தனை ஆம்பியர் கூடும் என்பது) 25 ஆம்பியரில் குறைந்தது 19 சீமென்ஸ். கரன்ட்டின் வர்க்கமூலத்தோடு அது மாறும் என்று வைத்தால் 2.5 ஆம்பியரில் சுமார் 6. த்ரெஷோல்ட் இறக்கம் டிகிரிக்கு 6 மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜங்ஷனிலிருந்து (உள்ளே இருக்கும் சிலிக்கான்) கேஸுக்கு (வெளி உறை) வாட்டுக்கு 1.5 டிகிரி, கேஸிலிருந்து ஹீட்சிங்க்குக்கு 0.5, ஆக 2. ஹீட்சிங்க் நான்குக்கும் பொது என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. ஃபெட்டுக்கு ஃபெட் வித்தியாசம் உண்டாக்குவது இந்த 2 டிகிரிதான்.

ஒரு ஃபெட்டில் கரன்ட் கொஞ்சம் கூடினால், வாட் கூடி, டிகிரி கூடி, த்ரெஷோல்ட் இறங்கி, மறுபடி கரன்ட் எவ்வளவு கூடும்? 12 வோல்ட் பெருக்கல் 6 சீமென்ஸ் பெருக்கல் 0.006 பெருக்கல் 2. விடை 0.86.

இது 1-ஐத் தாண்டினால் ரன்அவே, நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், பேச்சே இல்லை. 1-க்குக் கீழே என்றால் ஓடிப்போகாது, ஆனால் ஏற்கெனவே இருக்கும் வித்தியாசம் பெருகி ஓரிடத்தில் நிற்கும். எத்தனை மடங்கு? 1-ஐ 0.14-ஆல் வகுங்கள், ஏழு மடங்கு. ஒரே ரீலில் வந்த ஃபெட்களுக்குள் 50 மில்லிவோல்ட் வித்தியாசம் சாதாரணம். குளிர்ந்த நிலையில் அது 0.3 ஆம்பியர். சூடானபின் 2.1. அதாவது 2.5 இழுக்க வேண்டியது 4.6 இழுக்கும், 55 வாட்.

தாங்குமா? 94 வாட் என்று முதல் பக்கத்தில் போட்டிருப்பது கேஸை 25 டிகிரியில் பிடித்து வைத்தால் மட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.63 வாட் குறையும். அறை 30 டிகிரி, ஃபேன் போட்ட ஹீட்சிங்க் வாட்டுக்கு அரை டிகிரி என்று வைத்தால் ஹீட்சிங்க் 90, கேஸ் 105. அங்கே அனுமதி 44 வாட்கூட முழுதாக இல்லை.

இப்போது 24 வோல்ட், 5 ஆம்பியர். ஆளுக்கு 1.25 ஆம்பியர், டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 4.25 ஆகக் குறையும். ஆனால் வோல்ட்டேஜ் இரட்டிப்பு. 24 பெருக்கல் 4.25 பெருக்கல் 0.006 பெருக்கல் 2. விடை 1.22. அதே 120 வாட்தான். ஹீட்சிங்க்குக்கு இரண்டும் ஒன்று, ஃபெட்டுக்கு ஒன்று அல்ல.

#11 இன்வெர்ட்டர்காரன்

கணக்கு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அடியில் இருப்பவை? டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 25 ஆம்பியரில் கொடுத்த எண், அதை நீங்கள் வர்க்கமூலம் போட்டு இழுத்துக் கீழே கொண்டு வந்தீர்கள். 6 மில்லிவோல்ட் நீங்களாக எடுத்துக்கொண்டது. 50 மில்லிவோல்ட்டும் அப்படித்தான். சூட்டில் எலக்ட்ரான் நகர்வு குறைந்து கரன்ட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்குமே, அது எங்கே போயிற்று? மூன்று தோராயத்தைப் பெருக்கினால் 0.86-ம் வரும், 0.4-ம் வரும். 0.4 என்றால் வித்தியாசம் இரண்டு மடங்குகூடப் பெருகாது, சர்க்யூட் நன்றாகவே ஓடும்.

தம்பி, பேப்பரை ஓரமாக வையுங்கள். அளந்து பாருங்கள்.

#12 அலைக்கோடு

இதில் நான் இன்வெர்ட்டர்காரன் பக்கம். அளக்கலாம். ஒவ்வொரு சோர்ஸிலும் தனித்தனியாக 10 மில்லிஓம் வையுங்கள். அவ்வளவு சிறியது பங்கீட்டை மாற்றாது, 1 ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் என்று நேராகப் படிக்கலாம். மீட்டர் முனையை ரெசிஸ்டரின் காலடியிலேயே வையுங்கள், வயர் தள்ளி வைத்தால் வயரையும் சேர்த்து அளப்பீர்கள். 10 ஆம்பியருக்குப் போகாமல் 6-இல் நிறுத்துங்கள். லைனில் ஃப்யூஸ் கட்டாயம்.

கேட்களுக்கு ஆளுக்கு ஒரு 100 ஓம் போட மறக்காதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

#13 சோதனைப்பலகை

அளந்துவிட்டேன். ஆப்-ஆம்புக்கு 12 வோல்ட் தனி சப்ளை, மொத்தம் 6 ஆம்பியர், பேட்டரி 12.3 வோல்ட்.

ஆன் செய்த உடனே: 18, 15, 14, 13 மில்லிவோல்ட். அதாவது 1.8, 1.5, 1.4, 1.3 ஆம்பியர்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் ஃபெட்டின் எண் சில நொடிகளிலேயே நகர ஆரம்பித்தது, 19, 21, 22 என்று. கொஞ்ச நேரம் கழித்து நின்ற இடம்: 25, 14, 12, 9.

மொத்தம் அப்போதும் 60 மில்லிவோல்ட்தான். பாட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஆம்மீட்டரில் 6.00 அப்படியே நின்றது. அதை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றுதான் நினைத்திருப்பேன்.

#14 இன்வெர்ட்டர்காரன்

முதல் ஃபெட் ஹீட்சிங்க்கில் எங்கே இருக்கிறது? ஓரத்திலா? ஃபேன் காற்று படாத பக்கமா? அடியில் பேஸ்ட் சரியாகப் பரவாமல் இருந்தாலும் இதே மாதிரிதான் வரும். முதலாவதையும் நான்காவதையும் இடம் மாற்றிப் போட்டு அளக்காமல் ஃபெட்டைக் குறை சொல்லாதீர்கள்.

#15 சோதனைப்பலகை

மாற்றினேன் சார். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி, ஸ்க்ரூவை ஒரே மாதிரி இறுக்கினேன். 25 காட்டிய ஃபெட் இப்போது நான்காவது இடத்தில் 24 காட்டுகிறது. 9 காட்டியது முதல் இடத்துக்கு வந்து 10 காட்டுகிறது. சூடு ஃபெட்டோடு சேர்ந்து போகிறது, இடத்தோடு இல்லை.

ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை ஹீட்சிங்க்குக்கும் கிரவுண்ட் வயருக்கும் நடுவில் பட்டு ஃப்யூஸ் போனது. ஃபெட்டின் உலோக முதுகு (டேப்) டிரெயினோடு இணைந்தது என்பதால் ஹீட்சிங்க் முழுவதும் பேட்டரி பிளஸ்ஸில் இருக்கிறது.

#16 பழைய_ஆம்ப்

இழையைத் திசை திருப்பவில்லை, ஒரு தகவல் மட்டும். ஆடியோ ஆம்ப்ளிஃபையர் செய்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி. ஹிட்டாச்சியின் 2எஸ்கே1058, 2எஸ்ஜே162 போன்ற லேட்டரல் மாஸ்ஃபெட்களை அந்தக் காலத்தில் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணமே இதுதான். செம்புத்தடம் சொன்ன வெட்டுப்புள்ளி அவற்றில் 100 மில்லிஆம்பியர் பக்கத்திலேயே வந்துவிடும். அதற்கு மேலே எல்லாம் தானாக அடங்கும். சோர்ஸ் ரெசிஸ்டர்கூட இல்லாமல் பேரலல் போடுவார்கள். ஸ்விட்சிங்குக்கு என்று செய்த ஃபெட்டில் அதே சுகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

#17 இன்வெர்ட்டர்காரன்

சரி, அளவு அளவுதான். ஆனால் இதிலிருந்து "பேரலல் கூடாது" என்று முடிவு கட்டுவதை ஏற்க மாட்டேன். தொடக்கத்திலேயே 18-க்கும் 13-க்கும் இடைவெளி இருந்தது. அந்த விதையை எடுத்துவிட்டால் பெருகுவதற்கு என்ன இருக்கிறது? இருபது ஃபெட் எடுத்து, ஒரே கரன்ட்டில் கேட் வோல்ட்டேஜை அளந்து, 5 மில்லிவோல்ட்டுக்குள் வரும் நான்கைப் பொறுக்கினால் முடிந்தது. ஏழு மடங்கு பெருகினாலும் 0.2 ஆம்பியர்தான். 12 வோல்ட் மட்டும் என்றால் இந்த சர்க்யூட் அப்படியே ஓடும்.

#18 செம்புத்தடம்

12 வோல்ட் மட்டும் என்றால், பொறுக்கிய ஃபெட் என்றால், நான்கிலும் பேஸ்ட் ஒரே மாதிரி என்றால் ஓடலாம். மறுக்கவில்லை. ஆனால் மேட்ச் செய்வது விதையைத்தான் சிறிதாக்கும், பெருக்கத்தை ஒன்றும் செய்யாது. 24 வோல்ட்டில் பெருக்கம் 1-க்கு மேல். அங்கே 5 மில்லிவோல்ட் என்றாலும், 1 மில்லிவோல்ட் என்றாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே, கொஞ்சம் தாமதமாகும் அவ்வளவுதான். ஒரு ஃபெட் செத்து மாற்றும்போது மறுபடி இருபதிலிருந்து பொறுக்க வேண்டும் என்பது வேறு.

பெருக்கத்தையே குறைக்க வேண்டும் என்றால் சோர்ஸ் ரெசிஸ்டர். பொது ஷன்ட்டை எடுத்துவிட்டு ஆளுக்கு 0.1 ஓம் வைத்தால், 12 வோல்ட்டில் 0.86 என்பது 0.54 ஆகிறது. 24 வோல்ட்டில் 1.22 என்பது 0.86 ஆகிறது. முதலாவது நிம்மதி, இரண்டாவது பழைய குருடி கதவைத் திறடி. 0.22 ஓம் வைத்தால் 24 வோல்ட்டிலும் 0.63-க்கு வரும், வீணாகும் வாட் கூடும், தீர்ந்துபோன பேட்டரியில் இழுக்கக் கிடைக்கும் இடமும் குறையும்.

நான் செய்வதாக இருந்தால் எல்எம்324 ஒன்று. உள்ளே நான்கு ஆப்-ஆம்ப் இருக்கின்றன, நான்கு ஃபெட்டுக்கும் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு ஃபெட்டுக்கும் தன் 0.1 ஓம், தன் ஃபீட்பேக். பாட்டிலிருந்து வரும் 0 முதல் 250 மில்லிவோல்ட்டை நான்கு பிளஸ் இன்புட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். த்ரெஷோல்ட் எங்கே வேண்டுமானாலும் அலையட்டும், ஒவ்வொரு ஆப்-ஆம்பும் தன் ஃபெட்டின் கேட்டைத் தேவையான அளவுக்கு இறக்கிக்கொள்ளும். மிஞ்சும் பிழை ஆஃப்செட் (ஆப்-ஆம்பின் இரண்டு இன்புட்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு வித்தியாசம்) மட்டும். அதிகபட்சம் 7 மில்லிவோல்ட் என்றால் 70 மில்லிஆம்பியர், 2.5 ஆம்பியரில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஷன்ட் ஒவ்வொன்றிலும் 0.6 வாட் சொச்சம், 3 வாட் ரெசிஸ்டர் தாராளம்.

#19 அலைக்கோடு

நான்கு லூப் என்றால் ஆஸிலேஷன் (தானாக அதிர்வது) அடிக்க நான்கு வாய்ப்பு, அதனால் நான் பாக்கி வைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இசட்44-இன் இன்புட் கெப்பாசிட்டன்ஸ் 1470 பிக்கோஃபாரட். எல்எம்358, எல்எம்324 வகையறா யூனிட்டி கெயினில் நேராகத் தாங்குவது 50 பிக்கோஃபாரட் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. முதலில் போட்டிருந்தபடி நான்கு கேட்டையும் ஒட்டாக இணைத்தால் ஆறாயிரத்தைத் தொடும். அதுவே போதும் லூப் ஆடுவதற்கு. இது தவிர, கேட்கள் ரெசிஸ்டர் இல்லாமல் ஒன்றோடொன்று இணைந்தால் ஃபெட்கள் தங்களுக்குள்ளேயே பல மெகாஹெர்ட்ஸில் பாட ஆரம்பிக்கும். ஆப்-ஆம்புக்கு அது தெரியவே தெரியாது.

மீட்டரிலும் தெரியாது. மீட்டர் சராசரியைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆஸிலோஸ்கோப் இல்லை என்றால் ஒரு அடையாளம் உண்டு: பேட்டரி வயர் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் எண் மாறுகிறதா பாருங்கள். மாறினால் ஆடுகிறது.

வைத்தியம் பழையதுதான். ஒவ்வொரு கேட்டுக்கும் 100 ஓம், ஃபெட்டின் காலுக்கு ஒட்டி. ஷன்ட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு நேர் வயர் வேண்டாம், 1 கிலோஓம் வழியாக. ஆப்-ஆம்ப் அவுட்புட்டிலிருந்து அதே மைனஸ் இன்புட்டுக்கு 1 நானோஃபாரட். பேட்டரி வயர் இரண்டையும் முறுக்கிக் கொண்டு வாருங்கள், லோடின் வாயிலில் சில ஓமும் ஒரு மைக்ரோஃபாரட்டும் தொடராக. லோடு மெதுவாகும். பேட்டரி சோதனைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

#20 ஒருவழிடையோடு

யாரும் கேட்காத இரண்டு கேள்வி.

பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால்? ஃபெட்டின் உள்ளே இருக்கும் பாடி டையோடு வழியாகத் தங்குதடையின்றி ஓடும், ஆப்-ஆம்ப் வேடிக்கை பார்க்கும். ஃப்யூஸ் இல்லாமல் இதைக் கட்டவே கூடாது.

பேட்டரி இல்லாமல் லோடை ஆன் செய்து வைத்திருந்தால்? ஷன்ட்டில் கரன்ட் இல்லை, ஆப்-ஆம்ப் "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று அவுட்புட்டைப் பத்தரை வோல்ட்டுக்கு ஏற்றி வைத்திருக்கும். ஃபெட் நான்கும் அகலத் திறந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்துப் பேட்டரியை மாட்டினால் முதல் சில மைக்ரோநொடிக்கு உங்கள் லோடு வெறும் ஷார்ட். எல்எம்324 மைக்ரோநொடிக்கு அரை வோல்ட் வேகத்தில்தான் இறங்கும். கேட்டைக் கீழே கொண்டு வருவதற்குள் பத்துப் பதினைந்து மைக்ரோநொடி ஓடிவிடும். நான்கு 0.1 ஓம் பேரலலில், வயர், பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் எல்லாம் சேர்த்தும் 100 ஆம்பியரைத் தொட வாய்ப்பிருக்கிறது. ஃபெட் அதனால் சாகாமல் இருக்கலாம். பேட்டரிக்குப் பதில் ஒரு பவர் சப்ளையைச் சோதித்தால் அது பயந்து ட்ரிப் ஆகும்.

பாட்டைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆஃப்செட் தவறான பக்கம் 2 மில்லிவோல்ட் இருந்தாலும் அவுட்புட் மேலே ஏறித்தான் உட்காரும். 12 வோல்ட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு ஒரு 1 மெகாஓம் போடுங்கள். அலைக்கோடு சொன்ன 1 கிலோஓமோடு சேர்ந்து 12 மில்லிவோல்ட் கொடுக்கும், எந்த ஆஃப்செட்டையும் அமுக்கிவிடும். பாட் பூஜ்யத்தில் இருக்கும்போது கேட் நிஜமாகவே கீழே இருக்கும்.

#21 சோதனைப்பலகை

எல்லாருக்கும் நன்றி. எல்எம்324-க்கு மாறுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தனித்தனி ஆப்-ஆம்ப் வந்தபின் ஃபெட்டுகளுக்குள் பங்கீட்டுப் பிரச்சினை இல்லை. அப்போது 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்ன, 40 வோல்ட்டில் 3 ஆம்பியர்கூட ஓட்டலாமா? ஆளுக்கு 30 வாட்தானே, ஃபெட் 55 வோல்ட் தாங்கும்.

#22 செம்புத்தடம்

வேண்டாம். ஒரு ஃபெட் என்று நாம் சொல்வது உள்ளே ஆயிரக்கணக்கான சின்ன செல்கள் பேரலலில். இவ்வளவு நேரம் நான்கு ஃபெட்டுக்கு நடுவில் பேசிய அதே கதை ஒரே சிலிக்கான் துண்டுக்குள்ளும் நடக்கும். நடுவில் ஒரு இடம் கொஞ்சம் சூடாகும், அங்கே த்ரெஷோல்ட் இறங்கும், கரன்ட் அங்கே குவியும். வெளியே எத்தனை ஆப்-ஆம்ப் வைத்தாலும் உள்ளே எட்டாது. ஸ்பிரிட்டோ விளைவு என்று இதற்குப் பெயர், இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆய்வு செய்தவரின் பெயரால் வந்தது. 2010-இல் நாசாவும் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. புதுப்புது ஃபெட்கள், ஆர்டிஎஸ்-ஆன் குறையக் குறைய, இதில் மோசமாகிக்கொண்டுதான் வருகின்றன. ஸ்விட்சிங்குக்கு அது தேவையில்லாத கவலை என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

இசட்44-இன் பாதுகாப்பு எல்லை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 100 மைக்ரோநொடி, 1 மில்லிநொடி, 10 மில்லிநொடி என்று கோடுகள் இருக்கும். டிசி கோடு இருக்காது. தொடர்ந்து இப்படி ஓட்டுவதற்குத் தயாரிப்பாளர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். டிசி கோடு போட்டு உத்தரவாதம் தரும் ஃபெட்கள் இருக்கின்றன, ஐக்ஸிஸின் லீனியர் எல்2 வரிசை மாதிரி. 40 வோல்ட் கட்டாயம் வேண்டும் என்றால் அங்கே போங்கள். இசட்44-ஐ வைத்துக்கொண்டு என்றால் 12 வோல்ட்டில் ஆளுக்கு 30 வாட்டை நானும் ஓட்டுவேன். 24 வோல்ட்டில் ஆளுக்கு 15, 20 வாட்டோடு நிறுத்துவேன். வாட் குறைந்த அளவுக்கு ஃபெட்டைக் கூட்டிக்கொள்வேன்.

#23 இன்வெர்ட்டர்காரன்

அந்த 15, 20 எங்கிருந்து வந்தது? இதுவும் எடுத்துக்கொண்டதா?

#24 செம்புத்தடம்

ஆமாம், டிசி கோடே இல்லாத இடத்தில் வேறு எப்படி எடுப்பது? 10 மில்லிநொடிக் கோட்டிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி நிற்கிறேன். எவ்வளவு தள்ளி என்பது அவரவர் துணிச்சல்.

#25 இன்வெர்ட்டர்காரன்

என்னிடம் ஒரே ரீலில் நிறைய இசட்44 கிடக்கிறது. 5 மில்லிவோல்ட்டுக்குள் நான்கைப் பொறுக்கி, தம்பி முதலில் போட்ட சர்க்யூட்டையே, ஒரே ஆப்-ஆம்பில், 12 வோல்ட், 10 ஆம்பியருக்கு ஓட்டி அளவு போடுகிறேன். பெருக்கம் ஏழு மடங்கா இரண்டு மடங்கா என்று அப்போது பேசுவோம்.

#26 செம்புத்தடம்

கட்டாயம் போடுங்கள். குளிர்ந்த அளவு ஒன்று, நின்றபின் ஒன்று, நான்கு ஃபெட்டின் கேஸ் வெப்பமும் சேர்த்து. முடிந்தால் 24 வோல்ட்டில் 2 ஆம்பியரிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போய் எந்த இடத்தில் எண்கள் நிற்காமல் ஓட ஆரம்பிக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 மில்லிஓமைவிடப் பெரியது சோர்ஸில் வைக்காதீர்கள், வைத்தால் அது வேறு சர்க்யூட். தம்பி, உங்கள் எல்எம்324 போர்டில் 1 மெகாஓமுக்கு இடம் விட்டீர்களா?

#27 சோதனைப்பலகை

விட்டேன் அண்ணா, நான்குக்கும். கேட் ரெசிஸ்டரை ஃபெட்டின் காலுக்கு ஒட்டி வைக்க இடம் பத்தவில்லை, ஃபெட்டுகளைப் போர்டின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாகப் பிரித்துப் போடுகிறேன். 24 வோல்ட்டுக்கு இப்போதைக்கு 3 ஆம்பியர்.